மூன்றாவது குவியல்

கடலை பொறுக்கும் தொழிலில் நல்ல கடலையை யாரும் பார்ப்பதில்லை. காலையிலிருந்து சாயந்தரம் வரை கெட்டதைத்தான் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகள் பாதி தாண்டும்வரை, ஈப்போ டவுனில் ஒரு தானியக் கிட்டங்கியில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கும் நிலக்கடலை, மிளகாய், பருப்பு எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்து, கடைக்காரர்களுக்கு விற்கிற பெரிய தகரக் கொட்டகை அது. டப்பாவைத் திறந்ததும் பச்சைப் பொடி படிந்த கடலையைப் பார்த்து, எறியவும் மனசு வராமல், கழுவி வறுத்துவிடலாமா என்று யோசித்து நின்ற அக்காமாரே, நானும் உங்களைப் போல நின்றவள்தான். அந்தப் பச்சைப் பொடியோடு எங்களுக்கு நடந்த சண்டையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஜெயித்த கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

பிள்ளைகள் தின்னட்டும்

சுங்காய்ப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பால் வெட்டத் தெரிந்த கைகளுக்கு அங்கே வேலை குறைந்துபோனது. நானும் என் வீட்டுக்காரரும் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் வாடகை வீடு பார்த்தோம். அவர் பேருந்தில் டிக்கெட் கிழிக்கப் போனார், நான் கிட்டங்கிக்குப் போனேன். நீள மேசை, அதன் இரண்டு பக்கமும் பெண்கள். கடலையைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். நல்லது முதல் குவியல். சுருங்கியது, உடைந்தது இரண்டாவது. பூசணம் பிடித்தது, நிறம் மாறியது மூன்றாவது. பினாங்கிலிருந்து லாரி வரும்போது மழை பிடித்துவிட்டால் மூன்றாவது குவியல்தான் உயரமாக இருக்கும். நல்ல கண் இருக்கிறது என்று சொல்லி என்னையே மேசைக்குத் தலைவியாக்கினார்கள்.

எங்கள் முதலாளி ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த முஸ்லிம். தொழுகை தவறாதவர். பெண்களைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சம்பளத்தை ஒரு நாளும் இழுத்தடித்ததில்லை. மூன்றாவது குவியலை அவர் எறிய விடமாட்டார். நன்றாக இருப்பதாகத் தெரிகிற கடலையை அதிலிருந்து பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எங்களுக்கு அனுமதி உண்டு. மீதியை லகாட்டில் வாத்து வளர்க்கும் ஒருவர் அள்ளிக்கொண்டு போவார். அந்தக் காலத்தில் எந்த முதலாளி இப்படிச் செய்தார்? நாங்கள் துண்டில் முடிந்துகொண்டு போகும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்லுவார்: "தானியத்தை வீணாக்குனா அல்லாவுக்கு ஆகாது தங்கச்சி. கொண்டு போங்க, புள்ளைங்க தின்னட்டும்."

மணியத்தின் கூலி

மேசையில் எனக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவள் லெட்சுமி. வாய் ஓயாது, கையும் ஓயாது. அவள் புருஷன் மணியம் அதே கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்தான். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்ததால் வெளியே வேலை கிடைக்காமல் அலைந்தார். முதலாளிதான் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்.

மணியம் ஒவ்வொரு மூட்டையை இறக்கி வைத்ததும் அதன் ஓரத்தில் விரலை விட்டு ஒரு பிடி கடலை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். எந்த மூட்டை என்று பார்க்கமாட்டார். பச்சையோ மஞ்சளோ, ஊதிவிட்டுத் தின்பார். கசந்தால் ஒன்றைத் துப்பிவிட்டு அடுத்த பிடி. லெட்சுமி மேசையிலிருந்தே கத்துவாள், "ஐயோ, வயிறா அது, லாரியா?" என்று. அவர் தோளைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்: "தூக்குறதுக்கு முதலாளி கூலி குடுக்குறாரு. அதுக்கு மேல மூட்டையே எனக்குக் கூலி குடுக்குது லா, உனக்கென்ன?"

லகாட் வாத்துகள்

மீதியை அள்ளிக்கொண்டு போன வாத்துக்காரர் பெயர் ஆறுமுகம். லகாட்டில் ஈயம் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டை ஒன்றின் கரையில் குடிசை போட்டு வாத்து வளர்த்தார். எங்கள் கடலையை, அவர் வாயில் கச்சானை, இடித்து, தவிட்டோடு பிசைந்து குஞ்சுகளுக்குப் போடுவார். குட்டை நிறைய வெள்ளையாக மிதக்கும் என்று அவர் சொல்லும்போது கேட்கவே சந்தோஷமாக இருக்கும். பெருமழை பெய்த ஒரு வருஷம், மூன்றாவது குவியல் மலையாகக் குவிந்தது. ஆறுமுகம் இரண்டு தடவை வந்து அள்ளிப்போனார்.

அதற்கப்புறம் குஞ்சுகள் சரியாகத் தின்னவில்லை. இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தன. பிறகு கால் விழுந்து, கழுத்து முதுகுப்பக்கம் வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கண்ணேறு என்றார்கள். குட்டையில் செத்துப்போன யாரோ சீனர் ஆவி என்றார்கள். ஆறுமுகம் செய்யாத பரிகாரம் இல்லை. கடைசியில் யாரோ சொல்லி, செத்த குஞ்சுகளைக் காகிதத்தில் சுற்றிக் கால்நடை இலாகாவுக்குக் கொண்டுபோனார். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, என்ன தீனி போட்டீர்கள் என்பதுதான்.

எங்கள் கிட்டங்கி வாசலில் வந்து நின்றபோது அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. லெட்சுமி காப்பி கலக்கிக் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "குஞ்சுங்களக் காப்பாத்துன்னு முனியாண்டிக்குச் சேவல் குடுத்தேன் அக்கா. இப்பத்தான் யோசிக்கிறேன், அந்தச் சேவலும் இந்தக் கச்சானத் தின்னு வளந்ததுதான்."

சக்கிட் ஹாத்தி

வாத்துக்கதை இலாகா விட்டு இலாகா போய், ஒரு நாள் காலையில் சுகாதார இலாகாவிலிருந்து ஓர் ஆள் கிட்டங்கிக்கு வந்தார். சின்ன வயது சீனர், வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. எங்கள் மேசைப் பக்கம் வந்து, மூன்றாவது குவியலிலிருந்து ஒரு கடலையை எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே பருப்புக்கு நடுவிலும் பச்சை. இந்தப் பூசணம் ஒரு விஷத்தைக் கக்குகிறது, அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் என்றார். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "அப்பளத்துல எப்படி விஷம் வரும்?" என்று கேட்க, மேசை முழுக்கச் சிரிப்பு. அவர் பொறுமையாக மலாயில் மறுபடி சொன்னார். கழுவினாலும் போகாது. வறுத்தாலும் போகாது. அவித்தாலும் போகாது. பச்சையைத் துடைத்துவிட்டாலும் விஷம் உள்ளேயே நிற்கும். பார்க்க நன்றாக இருக்கிற கடலையிலும், பூசணத்துக்குப் பக்கத்தில் கிடந்திருந்தால், இருக்கலாம். ரொம்ப நாள் தின்றால், "ஹாத்தி சக்கிட்" ஆகிவிடும்.

மலாயில் சக்கிட் என்றால் நோவு, ஹாத்தி என்றால் கல்லீரல். மனசுக்கும் அதே சொல்தான். சக்கிட் ஹாத்தி என்று யாராவது சொன்னால் மனசு புண்பட்டது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். லெட்சுமி விடவில்லை. "இதத் தின்னுதான் வரணுமா? கல்யாணம் கட்டுன நாள்லேருந்து எனக்குச் சக்கிட் ஹாத்திதான்!" என்றாள். மூட்டைக்குப் பின்னாலிருந்து மணியம் சிரித்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

அந்த ஆள் சிரிக்கவில்லை. தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, இந்த ஹாத்தி என்று காட்டினார். சிரிப்பு நின்றது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு வந்திருக்க வேண்டும்: துண்டில் முடிந்துகொண்டு போனது, துவையல் அரைத்தது, பிள்ளைகள் பையில் போட்டு அனுப்பியது. என் மகன் அந்தத் துவையலைத் தட்டை வழித்துத் தின்பான். லெட்சுமிதான் வாய் திறந்தாள். இதுவரை தின்றதற்கு என்ன மருந்து என்று கேட்டாள். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊபாட் தடா, காக்கா. இனிமே தின்னாதீங்க." மருந்து இல்லை அக்கா என்றுதான் அதற்கு அர்த்தம்.

வறுத்த வாசம்

முதலாளி அன்றைக்கே கிட்டங்கியைத் தலைகீழாக்கினார். ஓட்டைத் தகரத்தையெல்லாம் மாற்றினார். சுவரில் சாய்த்து அடுக்கியிருந்த மூட்டைகளை இழுத்து, காற்றுப் போக இடம் விட்டு, கீழே மரச்சட்டம் போட்டு ஏற்றி வைத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு. ஈரம் பட்ட மூட்டை உள்ளே வரக்கூடாது. வெளியே பிரித்து வெயிலில் பரப்பிக் காய்ந்த பிறகுதான் மற்றதோடு சேர வேண்டும். மத்தியான மழைக்கு முன்னால் அள்ளிவிட வேண்டும். ஈப்போ மழை உங்களுக்குத் தெரியுமே, நாம் குனிந்து அள்ளும்வரை பார்த்துக்கொண்டிருந்து அப்புறம்தான் கொட்டும். மூன்றாவது குவியலை யாரும் தொடக்கூடாது. பின்பக்கம் இரும்பு டிரம்மில் போட்டு எரித்துவிட வேண்டும்.

முதல் நாள் எரித்தபோது ஒரு விஷயம் யாரும் எதிர்பார்க்கவில்லை. பூசணக் கடலை எரியும்போது பூசணம் போல நாறவில்லை. நல்ல கடலை வறுபடும் வாசம்தான் வந்தது. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, விலை கேட்டார்கள். எங்களுக்கே வாயில் எச்சில் ஊறியது. மேசையில் எல்லாருக்கும் மூத்தவள் மாரியாயி. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவள். அவள் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது புகையினாலா என்று தெரியவில்லை. "அப்ப இதக் குடுத்திருந்தா என் தங்கச்சி இருந்திருக்கும்," என்றாள். "இப்ப இதத் தின்னா செத்துருவோம்னு சொல்றானுங்க. எந்தக் காலத்துலதான் நமக்குச் சோறு சோறா இருந்துச்சு?"

பொட்டலம்

எங்களிடம் வழக்கமாகக் கடலை வாங்குகிறவர்களில் கோவிந்தன் அண்ணே ஒருவர். புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு வரிசை தள்ளி அவர் வீடு. கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாம் வீட்டிலேயே செய்து, தட்டில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய் சினிமாக் கொட்டகை வாசலில் விற்பார். வாத்து விஷயத்தை நான் சொன்னதும் மனுஷன் ஆடிப்போனார். அதற்கப்புறம் எங்களிடம் முதல் குவியலை மட்டும்தான் வாங்கினார். அதையும் வீட்டில் கொட்டி, புருஷனும் பொண்டாட்டியும் இன்னொரு தடவை பொறுக்கினார்கள்.

விலை ஏறியது. பழைய விலைக்கே விற்க வேண்டுமென்றால் பொட்டலத்தைச் சின்னதாக்கித்தான் ஆக வேண்டும். சின்னதாக்கினார். கொட்டகையின் அந்தப் பக்கம் இன்னொருவர், எங்கேயோ மலிவாக வாங்கிய கடலையில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டு, பெரிய பொட்டலமாக மடித்து விற்றார். கூட்டம் அங்கே போய்விட்டது. ஒரு நாள் விற்காத தட்டோடு கிட்டங்கிக்கு வந்து, எங்களுக்கே ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சனங்க கச்சானப் பாக்கலம்மா. பொட்டலத்தத்தான் பாக்குறாங்க."

ஊர் திரும்பியவள்

மாரியம்மன் திருவிழாவுக்காக நான் பிறந்த தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் பாதி வீடுகள் காலி. தோட்டத்துக் கடையில் ஒரு வாளி நிறையக் கடலை வைத்திருந்தார்கள். கையை விட்டுப் பார்த்தால் அடியில் எல்லாம் பச்சை. சும்மா இருக்க முடியுமா? என் அண்ணன் பொண்டாட்டி, கூட நின்ற நாலைந்து பெண்கள் எல்லாரிடமும் அந்தச் சீன ஆள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். விலாவுக்குக் கீழே கை வைத்தும் காட்டினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைக்காரருக்குத்தான் முகம் கறுத்தது.

மறுநாள் காலையில் பசியாற உட்கார்ந்தால், இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ள கடலைத் துவையல். அதே கடைக் கடலை. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அண்ணி கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பரிதாபமாகப் பார்த்துத்தான் சொன்னாள்: "இதே துவையல்தானே நாத்தனாரே உங்கள வளத்துச்சு? டவுனுக்குப் போனதும் இதுகூட விஷமாயிருச்சா?"

சிவப்பு நூல்

புகை தாங்கவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் எரிப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்றாவது குவியலை மூட்டை கட்டி, பழைய சுரங்கக் குழியில் கொட்டிவிட ஒரு லாரிக்காரரிடம் பேசினார் முதலாளி. நல்ல மூட்டையோடு கலந்துவிடாமல் இருக்க, கெட்ட மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் தைக்கச் சொன்னார். தைத்தது நான்தான். சிவப்பு நூல் என்றால் சாவு என்று லெட்சுமி எல்லாருக்கும் பாடம் எடுத்தாள்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போயிருந்தேன். மீன் பாசார் ஓரத்தில் ஒரு தமிழ்ப் பெண் அடுப்பு மூட்டிக் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, ஆறின கடலையைத் தின்றுகொண்டிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் சாக்கு. சாக்கின் வாயில் என் கைத் தையல், சிவப்பு நூல். கிட்டப் போனேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். லாரிக்காரர் ஒருத்தர் மாசா மாசம் கொண்டுவந்து பாதி விலைக்குப் போடுகிறார் என்றாள். பிள்ளையின் கையிலிருந்த கடலையைத் தட்டிவிட்டேன். பிள்ளை அழுதது. அவள் எழுந்து சண்டைக்கு வந்தாள். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவள் கரண்டி நின்றது. சட்டியில் கடலை கருகிப் புகைந்தது.

நான் சொன்னதை நம்பினாளா என்றால் நம்பினாள். அதனால்தான் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: "சிவப்பு நூல் போட்ட மூட்டைதான் முதல் தரம், பாத்து வாங்குன்னு சொல்லித்தானேக்கா வித்தான்?"

நீலம்

நான் வந்து சொன்னதைக் கேட்டதும் முதலாளி அந்த லாரிக்காரரை இனி வாசல் பக்கம் வராதே என்று விரட்டினார். அதோடு விடவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மூன்றாவது குவியல் மேல் தானே மண்ணெண்ணெயை ஊற்றினார். வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து அதையும் ஊற்றினார். இனி ஒரு நாயும் இதைத் தின்னாது என்றார். அப்புறம்தான் மூட்டை குழிக்குப் போகும். அந்த நேரம் பார்த்து மிளகாய் வாங்க வந்த சீனத் தௌக்கே, கடை முதலாளி ஒருவர், நீலக் கடலையையும் நீலக் கையோடு நின்ற முதலாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "உங்க முதலாளி கிலா சுடா? கச்சானுக்கு ஏன் சட்டை துவைக்குது?"

கிலா சுடா என்றால் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அர்த்தம். மேசையில் நாங்கள் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். ஆனால் லெட்சுமி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

பந்தலுக்கு வெளியே

மணியத்துக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. மூட்டை தூக்க முடியாத அளவுக்கு உடம்பு மெலிந்து, வயிறு மட்டும் ஊதியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மந்திரித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்லீரல் போய்விட்டது என்றார் டாக்டர். லெட்சுமி அவரிடம் கடலையைப் பற்றிக் கேட்டாள். மணியம் சம்பள நாளில் கொஞ்சம் குடிப்பவர்தான். சின்ன வயதில் மஞ்சள்காமாலையும் வந்திருக்கிறது. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடலையாகவும் இருக்கலாம், குடியாகவும் இருக்கலாம், பழைய காமாலையாகவும் இருக்கலாம், இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனுஷர். அந்த நேர்மையால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கொஞ்ச நாளில் மணியம் போய்விட்டார்.

புந்தோங்கில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். முதலாளி வந்தார். உள்ளே வராமல் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார். யாரோ நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் போய் லெட்சுமியிடம் சொன்னேன். அவள் தலைவிரி கோலமாக எழுந்து வெளியே வந்தாள். எல்லாரும் பயந்துவிட்டோம், ஏதாவது கேட்டுவிடப் போகிறாள் என்று. அவள் அவர் முன்னால் வந்து நின்றாள், அவ்வளவுதான். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன் தங்கச்சி."

லெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, அன்பும் இல்லை. "நாங்களும் நல்லதுன்னு நெனச்சுத்தான் தின்னோம் முதலாளி," என்றாள்.

சந்தேகம்

முப்பதாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். முதலாளி முன்பக்கம் கடையில் உட்கார்ந்து மசாலாப் பொட்டலம் கட்டச் சொன்னார். கஷ்டமில்லாத வேலை, மின்விசிறி உண்டு. வேண்டாம் என்றுவிட்டாள். பழைய இடத்திலேயே எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். கை மட்டும் ஓடியது, வாய் ஓடவில்லை. ஆனால் அவள் பொறுக்கும் விதம் மாறிவிட்டது. தோலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் எறிந்தாள். நிறம் ஒரு நூல் மங்கியிருந்தால் எறிந்தாள். அவள் பக்கத்தில் மூன்றாவது குவியல் எல்லாரையும்விட உயரமாக வளர்ந்தது. கணக்குப் பார்க்கிறவர் முதலாளியிடம் போய் நஷ்டம் என்றார். அவள் எறிந்ததை யாரும் கேட்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, கோப்பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடத் திண்டாடுகிற வீடு அவளுடையது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், லெட்சுமி எறிந்த ஒரு கடலையைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், இதில் என்ன கெடுதல் இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அக்கா என்று. எனக்கும் உண்மையில் ஒன்றும் தெரியவில்லை. லெட்சுமி அதை அவள் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் மூன்றாவது குவியலில் போட்டாள். "எனக்கும் தெரியல," என்றாள். "சந்தேகம்னா எறிஞ்சிரு. அந்தச் சந்தேகத்த வெச்சுக்கிட்டு நான் ஒருத்தி இருக்கேன், அது போதும்."

எங்கள் கிட்டங்கியில் கெட்ட கடலை குறைந்தது உண்மைதான். ஊரில் குறைந்ததா என்று கேட்டால், அதை எங்களைவிட ஒரு படி கீழே இருந்தவர்கள் வீட்டுச் சட்டியிடம்தான் கேட்க வேண்டும்.